அப்பா நடந்த தண்டவாளம்

என் அப்பா திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தார். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் எங்களில் மூத்தவர்களைப் பெற்றார். தமிழ்நாட்டில் கண் மூடினார். இதற்காக அவர் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. செங்கோட்டையில் அதே ஓட்டு வீடு, அதே திண்ணை. ராஜ்யங்கள்தான் அவர் வாசலுக்கு வந்து வந்து போயின.

பிறந்தது கொல்லம் 1098 சித்திரையில். இங்கிலீஷ் கணக்குக்கு 1923. கடைசிவரை வீட்டுக் கணக்கை அவர் கொல்லம் ஆண்டு போட்டுத்தான் எழுதினார். 1943-இல் எஸ்.ஐ.ஆர். என்று எல்லோரும் சொன்ன தென்னிந்திய ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, பிறகு கீமேன் ஆனார். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் மலைப்பாதையில்தான் அவருடைய சர்வீஸ் முழுவதும் கழிந்தது.

அந்த நாளில் ரயில்வே சம்பளம் பிரிட்டிஷ் ரூபாயில் வரும். ஊருக்குள் கடைகளில் ஓடியது சக்கரமும் பணமும் காசும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடுதல், 28½. அந்த அரைச் சக்கரத்தை அப்பா தன் காசாக நினைக்கவே இல்லை. சம்பளம் வாங்கிய அன்றே ரூபாய்க்கு அரைச் சக்கரம் வீதம் எண்ணி, ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவார். “இது நாம சம்பாதிச்சதில்ல. ரெண்டு ராஜ்யத்துக்கு நடுவுல வீடு இருக்கதுனால கிடைச்சது” என்பார். அது அச்சன்கோவில் உண்டியலுக்குப் போகும். 1949-க்குப் பிறகு மகாராஜாவின் நாணயங்கள் போய்விட்டன. கூடுதலாக வருவதற்கு ஒன்றுமில்லை. அப்போதும் அவர் சம்பளத்திலிருந்து அந்த அளவுக்கு எடுத்து டப்பாவில் போடுவதை நிறுத்தவில்லை.

அச்சன்கோவில் ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து மலையில் சாஸ்தா பல நிலைகளில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. குளத்துப்புழையில் குழந்தை. ஆரியங்காவில் கல்யாண மாப்பிள்ளை. மார்கழியில் மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண்வீட்டாராகவே சீர் கொண்டு வருவார்கள். அச்சன்கோவிலில் பூரணை, புஷ்கலை இரண்டு தேவியரோடு இருக்கும் குடும்பஸ்தர். சபரிமலையில் எல்லாவற்றையும் விட்டவர். அப்பா சபரிமலைக்கும் மாலை போட்டுப் போனவர்தான். ஆனால் வேண்டிக்கொள்ள வேண்டியது எதுவானாலும் அச்சன்கோவிலுக்குத்தான் போவார். “பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்ட்ட சொன்னாத்தான் நம்ம கஷ்டம் புரியும்” என்பது அவர் சொன்ன காரணம். அவர் பக்தியை எனக்கு விளங்க வைத்த பேச்சு அதுதான். வீட்டை விட்டு ஓடிப் போய்த் தேடுகிற சாமி அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கீமேன் வேலை என்னவென்று இன்று பலருக்குத் தெரியாது. தண்டவாளம் கட்டையிலிருந்து நழுவாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் சாவிகள் வண்டி ஓடும் அதிர்வில் தளரும். தினமும் ஒருவர் தன் பங்குக்கு உள்ள தூரம் முழுவதும் நடந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, தளர்ந்ததைச் சுத்தியால் அடித்து இறுக்க வேண்டும். தோளில் சுத்தி, ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைப்பதற்கு வெடி. போகும்போது ஒரு பக்கத்துத் தண்டவாளம், திரும்பும்போது மறு பக்கம். வெயிலென்றும் சாரலென்றும் பார்க்க முடியாது. சம தரையிலேயே இது கடினமான வேலை. எங்கள் பாதை பகவதிபுரம் தாண்டியதும் குகைக்குள் நுழைந்து கேரளத்துப் பக்கம் ஆரியங்காவில் வெளியேறும். அப்புறம் இடப்பாளையம், கழுதுருட்டி, பதிமூன்று கண் பாலம், தென்மலை என்று காட்டுக்குள்ளேயே இறங்கும். நிலக்கரி இன்ஜின் காலத்தில் ஏற்றத்தில் வண்டியை இழுக்க முன்னால் ஒரு இன்ஜின், தள்ளப் பின்னால் ஒரு இன்ஜின். இரண்டும் விடும் புகை குகைக்குள் வெகுநேரம் நிற்கும். வண்டி வந்துவிட்டால் குகைச் சுவரில் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் மாடத்தில் நின்று, துண்டை மூக்கில் பொத்திக்கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மழையில் மண் சரியும், பாறை உருளும். அப்போது ராத்திரி ரோந்தும் உண்டு. கையில் ஒரு விளக்கு, தலையில் மழைக்கு ஒரு கொங்காணி. யானைத் தடம் பார்த்துத் திரும்பிய இரவுகளை அவர் அம்மாவிடம் சொன்னதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதிகாலையில் எழுந்து கிணற்றில் குளித்து, திருநீறு பூசி, சாமி மாடத்துக்கு முன்னால் நிற்பார். பாட்டுக் கிடையாது, மந்திரம் கிடையாது. கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான். பிறகு அம்மா கட்டிக் கொடுத்த தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அண்ணன் ஒரு நாள் கேட்டான். “அப்பா, நீங்க சாமிகிட்ட என்ன கேப்பீங்க?” அப்பா சொன்னார்: “நேத்து பாத்ததையே இன்னைக்கும் புதுசாப் பாக்கணும்னு கேப்பேன்ல. பாத்த சாவிதானேன்னு ஒன்ன விட்டேன்னா, அதுலதான் வண்டி கவுரும்.”

குடும்பத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ராத்திரி எந்நேரம் வந்தாலும் படுத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அம்மாவோடு அதிகம் பேச மாட்டார். ஆனால் அம்மா தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டு முடித்தாலும் அம்மா இலையை எடுக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னபோது, மறுத்துப் பேசவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்த நாளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பணம் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கேங்கில் கூட வேலை பார்த்த ராவுத்தர் மாமா குடும்பத்தோடு எங்களையும் பொட்டல்புதூர் கந்தூரிக்கு அழைத்துப்போவார். அவர்கள் அச்சன்கோவில் திருவிழாவுக்கு எங்களோடு வருவார்கள். இதை யாரும் அன்று பெரிய விஷயமாகப் பேசவில்லை. இன்று பேச வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தெற்கே நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் பலனாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் வந்த அதே நாள். எங்கள் தாலுகா மட்டும் முழுதாக வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆரியங்காவு, தென்மலைப் பகுதிகள் கேரளத்துக்குப் போயின. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். அப்பாவும் சந்தோஷப்பட்டார். பிள்ளைகள் தமிழில் படிக்கலாம், தமிழில் மனு எழுதலாம். ஆனால் அவர் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, வேலைக்காகக் குகைக்குள் நுழைந்து, வேறொரு மாநிலத்தில் வெளியே வந்தார். அவருடைய சாஸ்தாக்கள் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். தென்காசிச் சாலையில் திருவிதாங்கூரின் எல்லை இருந்த பிரானூரில் எல்லை போய்விட்டது. இன்றும் அந்த இடத்துக்கு பிரானூர் பார்டர் என்றே பெயர். வெளியூரிலிருந்து குற்றால அருவிக்கு வருகிறவர்கள் பரோட்டா சாப்பிட அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். அதைத் தாண்டி அரிசி கொண்டுபோகப் பயந்த காலத்தை அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அவர் நம்பிக்கையைச் சோதித்தது எனக்கு அடுத்துப் பிறந்த தம்பியின் சாவு. மழைக்காலக் காய்ச்சல். இன்று மாத்திரையில் நின்றிருக்கும். அன்று நிற்கவில்லை. அப்பா மூன்றாம் நாளே ரோந்துக்குப் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “விடாம பெய்யுது. வண்டியில வாரவங்களும் பிள்ளகுட்டிக்காரங்கதானே.”

அந்தச் சமயத்தில் அடுத்த தெருவிலிருந்த தமிழ் வாத்தியார் ஒருவர் அப்பாவைத் தேடி வந்துகொண்டிருந்தார். குற்றாலத்து ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கதையை அவர்தான் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். டி.கே.சி.யை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியும், குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கியதும் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்தவை. கம்பனில் ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தவர்களுக்குப் பரிமாறவும் செய்வாராம். அவ்வளவு பெரிய மனிதர் தன் ஒரே பையனை, தீத்தாரப்பனை, இளம் வயதில் பறிகொடுத்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்தத் தகப்பனின் குரலிலேயே நாலு வரியில் ஒரு வெண்பா எழுதி அனுப்பினார். அதைப் படித்துத்தான் டி.கே.சி.க்கு ஆறுதல் வந்தது என்பார்கள். வாத்தியார் அந்தப் பாட்டைச் சொன்னதும் அப்பா முதல் முறையாக எங்கள் முன்னால் அழுதார். சாமி மாடத்துக்கு முன்னால் வராத அழுகை, ஒரு கவிதைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் கவிமணியின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்துகொண்டார். தண்டவாளத்தில் நடக்கும்போது சொல்லிக்கொண்டே போவார் என்று ராவுத்தர் மாமா சொல்லுவார். டி.கே.சி., கவிமணி, கல்கி மூவருமே 1954 என்ற ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தவர்கள். அந்த வாத்தியார் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

பட்டம் படித்த நான் அந்த வெண்பாவைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்க வேண்டும். தண்டவாளத்தில் நடந்த அப்பாவிடம்தான் கற்றேன்.

தென்காசிக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் அப்பாவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கோபுரம் பிளந்து, சிதைந்துதான் நின்றது. இடி விழுந்தது என்பார்கள், தீப்பிடித்தது என்பார்கள். பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயில். அரசன் காலத்தில் கோபுரம் முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான் என்பது வரலாறு. அந்தப் பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டிவைத்த பாட்டு ஒன்று உண்டு. இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர்களை உலகம் அறியப் பணிகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கட்டியவன் ராஜா. இன்னும் பிறக்காத ஒரு கொத்தனையும் கூலியாளையும் அவன் கும்பிட்டிருக்கிறான். இந்தக் கல்வெட்டை அப்பாவுக்குப் படித்துச் சொன்னதும் அதே வாத்தியார்தான். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பழுது பாக்கவனையும் ஒருத்தன் கும்பிட்டிருக்கான்” என்றார்.

1981-இல் ஓய்வு பெற்றார். தகர டப்பா அப்போதும் இருந்தது. கோபுரத் திருப்பணி தொடங்கியதும் டப்பாவின் ஒரு பங்கு தென்காசிக்குப் போக ஆரம்பித்தது. பென்ஷனிலிருந்து எடுத்து, தானே பஸ் ஏறிப்போய்க் கொடுத்து, ரசீது வாங்கி, கொல்லம் ஆண்டு போட்டுக் கணக்கில் எழுதிவைப்பார். பெயர் பொறித்த கல் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கான தொகையும் இல்லை. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய அந்தத் திருப்பணி ஒன்பது நிலை, 178 அடி என்று எழும்பி, 1990 ஜூனில் குடமுழுக்குக் கண்டது. அப்பா ஆயுள் முழுக்கச் சிதைவாகவே பார்த்த ஒன்றை அறுபத்தேழாம் வயதில் முழுதாகப் பார்த்தார். அன்று கூட்டத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எங்கள் குடும்பத்தில் எத்தனையோ நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. அவர் அத்தனை சந்தோஷமாக இருந்த இன்னொரு நாள் எனக்கு நினைவில்லை.

1996-இல் சாரல் முடிகிற சமயத்தில் அவர் காலமானார். தேர்ந்த மருத்துவம் பார்த்தோம். வலி அதிகம் இல்லாமல், பேசிக்கொண்டே போனார். அதன் பிறகு ஊரில் நடந்தவை அவர் பார்க்காதவை. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடி, அவர் அடித்து இறுக்கிய தண்டவாளம் முழுவதும் பெயர்க்கப்பட்டது. எட்டு வருஷம் குகைக்குள் வண்டி இல்லை. பதிமூன்று கண் பாலத்தின் தூண்களைப் பலப்படுத்தி, அகலப் பாதை போட்டு, 2018-இல் திறந்தார்கள். சென்னையிலிருந்து கொல்லம் வண்டி மறுபடி எங்கள் ஊர் வழியாகப் போகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அவர் வாசலில் இன்னொரு அரசாங்க மாற்றம். 2025 ஏப்ரலில் தென்காசிக் கோயிலில் மறுபடி குடமுழுக்கு.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. தம்பி இன்று பிறந்திருந்தால் பிழைத்திருப்பான். புகையில் நின்று நின்று அப்பாவுக்கு வந்த இருமல் இன்று கீமேன் வேலை பார்க்கும் பையனுக்கு வர வேண்டியதில்லை. அவனுக்கு எதிரொளிக்கும் ஆரஞ்சுச் சட்டை இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, எங்கே நடக்கிறான் என்று அலுவலகத்துக்குக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. இவையெல்லாம் நல்லவை, நாற்பது வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டியவை. சபரிமலைக்கு ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுப் போகிறார்கள். உண்டியலுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். ஒட்டியிருக்கிறது. என் மருமகள் அதில்தான் செலுத்துகிறாள்; மனதாரத்தான் செலுத்துகிறாள். மார்கழித் திருவிழாவுக்காகப் புனலூரிலிருந்து அச்சன்கோவில் சாஸ்தாவின் ஆபரணப் பெட்டி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாக இன்றும் போகிறது. தெருவில் நின்று கும்பிடுகிற கூட்டம் குறையவில்லை. அப்பா நின்ற இடத்தில் என் பேரன் நிற்கிறான். பக்தி போய்விட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

குறைந்திருப்பது வேறு. அப்பாவுக்குக் கும்பிடுவதும் வேலை பார்ப்பதும் ஒரே காரியம். காலையில் மாடத்துக்கு முன் நின்றதன் தொடர்ச்சியாகத்தான் அவர் சாவியைப் பார்த்தார், பிள்ளையின் நெற்றியைத் தொட்டார், அம்மா சாப்பிடும்வரை உட்கார்ந்திருந்தார். நாங்கள் இன்று நாற்பத்தொரு நாள் சுத்தமாக விரதம் இருக்கிறோம். விரதம் முடிந்த மறுநாள் அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கோயிலில் காட்டும் பணிவை வீட்டில் யாரிடமும் காட்டுவதில்லை. நானும் என் பிள்ளைகளும் படித்தவர்கள், வசதியாக இருக்கிறவர்கள். பொறுப்பில் அப்பாவுக்குச் சமமாக எங்களில் ஒருவரையும் என்னால் சொல்ல முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய சுத்தியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே டிப்போவில் ஒப்படைத்துவிட்டார். எங்களிடம் இருப்பது அந்தக் கணக்கு நோட்டுகள் மட்டும்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் பக்கம் பகலில் வண்டியேறுகிற வாய்ப்பு உங்களுக்கு வந்தால், பாலத்தையும் காட்டையும் படம் எடுங்கள், எடுக்க வேண்டிய அழகுதான். இடையில் எங்காவது தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி, தோளில் சுத்தியோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அன்று காலையில் உங்களுக்காக அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்தவர் அவர். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.